ராத்திரி மூன்று மணிக்கு யாரைக் கூப்பிடுவது? லிபி ஜையன் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

1984 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. இரவு பதினொன்றரை வாக்கில் மன்ஹாட்டனில் இருக்கும் நியூயார்க் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு 18 வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். கல்லூரியில் முதலாண்டு மாணவி, பெயர் லிபி ஜையன். காய்ச்சல் 103.5 டிகிரி. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, ஒரு நிலையில் படுக்க முடியாமல் தவித்தாள். மனச்சோர்வுக்காக ஃபெனல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து எட்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் துறையில் புது பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) சேரும் வாரத்தில் நான் எடுக்கும் முதல் வகுப்பு இந்த வழக்குதான். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அப்போ டூட்டி டைமைக் குறைக்கணும்னு சொல்றீங்களா சார்?” குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ராத்திரியைக் கிட்டே போய்ப் பார்த்தால் மணிக்கணக்கு மட்டும் தெரியவில்லை. வேறொன்றும் தெரிகிறது. நாற்பது வருடமாக அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

அந்த ராத்திரி

அவசரப் பிரிவு மருத்துவர்களால் நோயை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குடும்ப மருத்துவரிடம் போனில் பேசினார்கள். கண்காணிப்பில் வைத்து டிரிப் ஏற்றலாம் என்று முடிவாயிற்று. அந்த மூத்த மருத்துவர் அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் அப்போது யாருக்கும் கிடையாது.

இரண்டு மணி வாக்கில் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பார்த்தவர்கள் இருவர்: ஒரு இன்டர்ன், ஒரு இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். அமெரிக்காவில் இன்டர்ன் என்றால் நம்ம ஊர் ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். கடைசியில் ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவர்) இல்லை. மருத்துவப் பட்டம் முடித்து முதல் வருடப் பயிற்சியில் இருப்பவர். நம் கணக்கில் இன்டர்னை முதலாண்டு பி.ஜி. என்றும், அந்த ரெசிடென்ட்டை இரண்டாமாண்டு பி.ஜி. என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த இன்டர்ன் வேலையில் சேர்ந்து ஏறக்குறைய எட்டு மாதம் ஆகியிருந்தது. வைரஸ் காய்ச்சல், அதோடு கொஞ்சம் மிகைப்படுத்தும் சுபாவம் என்ற தொனியில் கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். நடுக்கத்தை அடக்க மெபெரிடின் ஊசி போடச் சொன்னார்கள். நம் வார்டுகளில் பெத்திடின் என்கிறோமே, அதே வலி ஊசிதான்.

இங்கேதான் முடிச்சு. ஃபெனல்சின் மூளையில் செரோடோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்குப் பெத்திடின் கொடுத்தால் செரோடோனின் கட்டுக்கடங்காமல் ஏறலாம். அதிகக் காய்ச்சல், தசைத் துடிப்பு, வெறி பிடித்தாற்போன்ற தவிப்பு என்று போய் உயிரையும் எடுக்கலாம். இன்றைக்கு மருந்தியல் வைவாவில் இதைச் சொல்லாவிட்டால் பெயில் போடுவார்கள். 1984இல் இது அச்சில் இருந்த விஷயம்தான், ஆனால் வார்டில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அல்ல. மருந்தைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும் கம்ப்யூட்டரும் அன்று கிடையாது.

ஊசி போட்ட பிறகு ரெசிடென்ட் எதிர்க் கட்டடத்துக்குத் தூங்கப் போனார். பேஜரில் கூப்பிட்டால் வருவார். இன்டர்ன் மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போனார். அன்றிரவு அவர் பொறுப்பில் இருந்தவர்கள் சுமார் 40 பேர். லிபியின் தவிப்பு கூடியது. நர்ஸ் இன்டர்னைக் கூப்பிட்டார். கையைக் காலைக் கட்டி வைக்கச் சொல்லிப் பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இன்டர்ன், தவிப்பை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போடச் சொன்னார். நேரில் வந்து பார்க்கவில்லை. அவள் கொஞ்சம் அடங்கினாள். விடிகிற நேரத்தில் உஷ்ணம் பார்த்தபோது 107 டிகிரி. குளிர்விக்க ஆரம்பித்தார்கள், அதற்குள் இதயம் நின்றுவிட்டது.

நர்ஸ் கூப்பிட்டது ஒரு தடவை இல்லை. அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

80 என்ற எண் வந்த கதை

லிபியின் அப்பா சிட்னி ஜையன் பத்திரிகையாளர், வக்கீலாகவும் இருந்தவர். மகளைப் பார்த்த இளம் மருத்துவர்கள் 36 மணி நேரம்கூடத் தொடர்ந்து டூட்டி பார்க்கும் வழக்கத்துக்குள் இருந்தவர்கள் என்று தெரிந்ததும் அவர் விடவில்லை. இதைக் கொலை வழக்காகவே நடத்த வேண்டும் என்று நின்றார். 1986இல் கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) விசாரித்து, குற்ற வழக்குக்கு இடமில்லை என்று சொன்னது. ஆனால் அத்தோடு நிறுத்தாமல், பயிற்சி மருத்துவர்களை இத்தனை மணி நேரம் வேலை வாங்குவதையும், மேற்பார்வை இல்லாமல் அவர்களைத் தனியே விடுவதையும் கண்டித்து அறிக்கை கொடுத்தது. இரண்டையும் சொன்னது, ஒன்றை மட்டும் அல்ல.

நியூயார்க் மாநில சுகாதார ஆணையர் டேவிட் ஆக்ஸல்ராட் ஒரு குழு போட்டார். தலைவர் பெர்ட்ரண்ட் பெல், பிராங்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். பெல் குழு 1987இல் பரிந்துரைத்தவை 1989 ஜூலையில் மாநில சுகாதார விதிகளில் 405 என்ற பிரிவாக அமலுக்கு வந்தன. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ச்சியாக 24 மணிக்கு மேல் கூடாது, மூத்த மருத்துவர் எல்லா நேரமும் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும்.

அந்த 80 எப்படி வந்தது என்பதைப் பெல்லே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டால் சிரிப்பு வரும். வாரத்துக்கு 168 மணி. ஒரு நாளைக்குப் பத்து மணி வீதம் ஐந்து நாள் வேலை நியாயம், ஆக 50. மீதி 118. நாலு ராத்திரிக்கு ஒரு ராத்திரி டூட்டி பார்ப்பது மனிதத்தன்மை. 118ஐ நாலால் வகுத்தால் கிட்டத்தட்ட 30. ஐம்பதும் முப்பதும் எண்பது. தூக்க ஆராய்ச்சி எதுவும் இதற்குள் இல்லை. காகிதத்தின் ஓரத்தில் போட்ட கணக்கு, அமெரிக்கா முழுக்கப் பயிற்சி மருத்துவர்களின் வாழ்க்கையை அளக்கும் எண்ணாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணைப் போட்டவரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதியபோது, நோயாளி கவனிப்பின் தரத்துக்குச் சாவி மேற்பார்வைதான், மணிக்கட்டுப்பாடு அல்ல என்று தலைப்பிலேயே வைத்தார். யார் காதிலும் விழவில்லை. மணியை எண்ணலாம், வருகைப் பதிவேட்டில் போடலாம், மீறினால் அபராதம் விதிக்கலாம். மூத்தவர் நிஜமாகவே வந்தாரா, வந்தவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்தாரா என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

மணியையாவது ஒழுங்காக எண்ணினார்களா என்றால் அதுவும் இல்லை. 1998இல் மாநில அதிகாரிகள் 12 ஆஸ்பத்திரிகளில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது மீறல்கள் பரவலாக இருந்தன. அறுவை சிகிச்சைப் பிரிவுகளில்தான் மோசம். சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

உரிமையியல் வழக்கு 1995 வரை இழுத்தது. ஜூரி மருத்துவர்கள் பக்கம் கவனக்குறைவு இருந்ததாகச் சொன்னது. லிபி கொக்கெய்ன் எடுத்திருந்தாள் என்ற வாதம் நீதிமன்றத்தில் கிளம்பியிருந்தது. அதை வைத்துப் பொறுப்பில் பாதியை இறந்துபோன பெண் மீதும் போட்டது. குடும்பத்துக்குக் கிடைத்தது 3,75,000 டாலர். இருபதுகளில் இருந்த இரண்டு பயிற்சி மருத்துவர்களுக்குப் பதினொரு வருடம் இந்த ஒரே ராத்திரியிலேயே கழிந்தது. மாணவர் நலன் என்று கூட்டம் போட்டுப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் பேச வேண்டும். நோயாளியை இழந்த குற்ற உணர்வோடு ஒருவன் அடுத்த நாள் காலை மறுபடி வார்டுக்கு வருகிறான்; அவனோடு உட்கார்ந்து பேச அன்றும் ஆள் இல்லை, இன்றும் பெரும்பாலான இடங்களில் இல்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

2003 ஜூலையில் அமெரிக்கா முழுமைக்கும் 80 மணி விதி வந்தது. 2011இல் முதலாண்டினருக்குத் தொடர்ச்சியாக 16 மணி நேரம்தான் என்று இறுக்கினார்கள். 2017இல் அதைத் தளர்த்தி, அடுத்த டூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதற்கான நான்கு மணியைத் தவிர்த்து 24 மணிக்குப் போனார்கள். இந்த முன்னும் பின்னும் நடைக்குக் காரணம் ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்ததுதான்.

முதலில் வந்தது பாஸ்டன் ஆய்வு, 2004. தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய நீண்ட டூட்டி பார்த்த இன்டர்ன்கள், குறைந்த நேர டூட்டி பார்த்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். அடுத்த வருடம் வந்ததுதான் எனக்கு இன்னும் உறைத்தது: நீண்ட டூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் இன்டர்னுக்கு விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கார் ஓட்டும் ஊரிலேயே இந்தக் கதி. நம் பிள்ளைகள் டூட்டி முடித்து பைக்கில்தான் போகிறார்கள், அதுவும் எட்டரை மணி டிராஃபிக்கில்.

சரி, முடிந்துபோன விவகாரம் என்று நினைத்தால் 2016இல் அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து பெரிய ஆய்வு வந்தது. 117 பயிற்சித் திட்டங்களில் பாதிக்கு விதியைக் கறாராக வைத்தார்கள். பாதிக்கு, வாரத்துக்கு 80 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தளர்த்தினார்கள். இறப்பும் கடுமையான சிக்கலும் சேர்ந்து ஒரு பக்கம் 9.1 சதவீதம், மறுபக்கம் 9.0. வித்தியாசம் இல்லை. பொது மருத்துவத்தில் 63 திட்டங்களில் இதேபோலச் செய்தபோதும் நோயாளிகளுக்கு அபாயம் கூடவில்லை. ஆனால் அதில் ஒரு நறுக்கான முடிவு உண்டு: தளர்த்திய இடங்களில் பயிற்சித் தலைவர்களுக்குத் திருப்தி கூடியது, இன்டர்ன்களுக்குக் குறைந்தது. கல்வித் தரத்தை யாரிடம் கேட்டு அளக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று, 2020இல் வந்தது. ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணி டூட்டியை எடுத்துவிட்டு 16 மணிக்குள் அடக்கினார்கள். பிழை குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கூடியது! ஆயிரம் நோயாளி நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 79 கடுமையான பிழை என்றிருந்தது 97 ஆனது. தோண்டிப் பார்த்தால் காரணம் சாதாரணம். நேரத்தைக் குறைத்த இடங்களில் ஆளைக் கூட்டவில்லை. ஒரு ரெசிடென்ட் பார்க்கும் குழந்தைகள் சராசரியாக 6.7இலிருந்து 8.8 ஆகியிருந்தது. அந்தச் சுமையைக் கணக்கில் சேர்த்ததும் வித்தியாசம் மறைந்துபோனது. லிபி இறந்த ராத்திரியில் அந்த இன்டர்னிடம் இருந்தவர்கள் 40 பேர் என்பது இங்கே ஞாபகம் வர வேண்டும்.

மணியைக் குறைத்தால் கைமாற்றம் கூடும். ஒரு நோயாளியை ஒரே நாளில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சொல்லிவிட்டுப் போகிறவர் மறந்த வரி நோயாளியின் தலையில் விழும். இதற்கு மருந்து கண்டவர்கள் ஒன்பது குழந்தைகள் ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தவர்கள். ஒப்படைப்பை ஒரு வரிசையில் சொல்லப் பழக்கினார்கள்: எவ்வளவு மோசம், என்ன கதை, என்ன செய்ய வேண்டும், ராத்திரி என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது, கடைசியில், கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 2014இல் வெளியிட்ட கணக்குப்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம். மணிநேர விதிகளின் பெயரில் நடந்த எந்தச் சண்டையும் இப்படித் தெளிவான பலன் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் பெல் சொன்ன மேற்பார்வைதான் விடையா? அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. பென்சில்வேனியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரியும் மூத்த நிபுணரை உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். 2013இல் வந்த முடிவு: இறப்பிலும் மாற்றமில்லை, தங்கும் நாளிலும் மாற்றமில்லை. பாஸ்டனில் காலை ரவுண்ட்ஸ் முழுக்க மூத்த மருத்துவர் கூடவே நின்றால் பிழை குறையுமா என்று பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. குறையவில்லை. ஆனால் ஒன்று மாறியது: இன்டர்ன்கள் பேசுவது குறைந்தது.

இது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன? சீஃப் பக்கத்தில் நின்றால் ஜூனியர் வாய் திறப்பானா? ஆக, மூத்தவர் தோளுக்குப் பின்னால் நிற்பது மேற்பார்வை ஆகாது. எங்கோ தூங்கிக்கொண்டு பேஜரை வைத்திருப்பதும் ஆகாது. நடுவில் இருக்கிற ஒன்று வேண்டும்: ஜூனியருக்குச் சந்தேகம் வந்த அந்த நிமிடத்தில், கூச்சமில்லாமல் கூப்பிட முடிய வேண்டும், கூப்பிட்டால் ஆள் வர வேண்டும்.

14ஆம் பெட்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நடந்தது. ஆஸ்பத்திரி எது என்பது வேண்டாம். அறுபது தாண்டிய ஒரு தாத்தா, சர்க்கரை நோய், கிட்னி கொஞ்சம் பழுது, வீட்டில் பழைய மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டிருந்தவர். ராத்திரி இரண்டே கால் இருக்கும். சிஸ்டர் டூட்டி ரூமுக்கு போன் போட்டார்.

“டாக்டர், 14ஆம் பெட் தாத்தா கன்னாபின்னான்னு பேசுறாரு. டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுட்டாரு.”

“கையக் கட்டி வைங்க சிஸ்டர். ஹாலோபெரிடால் அரை ஆம்பூல் போட்டுடுங்க.”

முக்கால் மணி கழித்து மறுபடி. “டாக்டர், வேர்த்துக் கொட்டுது. ஒரு தடவை வந்து பார்த்துடுங்களேன்.”

வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. கண்ணை மூடித் திறந்தால் ஆறு மணி. அன்றைக்கு ரவுண்ட்ஸுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) அந்தத் தாத்தாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வேறு எதுவும் பேசாமல் குளுக்கோமீட்டர் கேட்டார். சர்க்கரை 38, அபாயமான இறக்கம். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் பாதி இறங்குவதற்குள் தாத்தா கண் விழித்து, கையை ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் காபி கேட்டார்.

ஏ.பி. என்னைத் திட்டவில்லை. “ஏம்ப்பா, என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டாம் வருட பி.ஜி. ஒருவர் நடுராத்திரியில் மேலே போன் போட்டதற்கு, காலை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும், “இதுக்கெல்லாமா எழுப்புவ? எம்.பி.பி.எஸ். எங்க படிச்ச?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் பாடமாகிவிட்டது. பாடத்திட்டத்தில் எழுதாத பாடம், ஆனால் ஒருவரும் மறக்காத பாடம்.

அன்றிரவு நான் அப்படியொன்றும் களைத்துச் சாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டூட்டி ஏறிப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எந்த நாட்டு விதிப்படி பார்த்தாலும் என் வேலை நேரம் சட்டத்துக்குள்தான் இருந்தது. மன்ஹாட்டனில் நடந்ததும் 14ஆம் பெட்டில் நடந்ததும் ஏறக்குறைய ஒரே வரிசை: தவிப்பு, போன், கட்டு, ஹாலோபெரிடால், மறுபடி போன். எனக்குத் தப்பியது, அவர்களுக்குத் தப்பவில்லை.

74 என்ற எண்

இந்தியாவில் மணிக்கணக்கு புதிதல்ல. 1992இல் மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் ஒரு நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்தது. எந்த வார்டில் அது நடந்தது என்று கேட்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகள் எண்ணே போடாமல், “நியாயமான” வேலை நேரமும் “நியாயமான” ஓய்வும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. யாருக்கு நியாயம் என்பது யூனிட் சீஃபைப் பொறுத்தது.

2024இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு ஒரு அறிக்கை கொடுத்தது. 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொல்லியிருந்தார்கள். முதுநிலையில் 31.23 சதவீதம் பேருக்கும், இளநிலையில் 16.2 சதவீதம் பேருக்கும் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்காக, பத்து பி.ஜி. உட்கார்ந்திருக்கும் என் வகுப்பில் மூன்று பேர் என்ற கணக்கை மனதிலிருந்து துடைக்க முடியவில்லை.

அந்தக் குழு பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணி. ஒரு நாள் 24 மணி டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி, ஒரு நாள் விடுப்பு. கூட்டிப் பாருங்கள், 24ம் 50ம் 74. பெல்லின் காகித ஓரக் கணக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. எண்ணைக் குறை சொல்லவில்லை. வார விடுப்பு என்று எழுத்தில் வந்ததே பெரிது. ஆனால் ஆளைக் கூட்டாமல் 74ஐ அமல்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆறு குழந்தைகள் பிரிவுகள் காட்டிவிட்டன. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அட்மிஷன் டே அன்று தரையில் பாய் போட்டும் நோயாளிகள் இருப்பார்கள். குறைந்த மணியில் அதே தலைகளைப் பார்க்கச் சொன்னால், சிஸ்டரின் இரண்டாவது போனுக்கு எழுந்து போகிறவன் இன்னும் குறைவான்.

மதிப்பீட்டுப் பக்கம் வந்தால் இன்னொரு கோளாறு. 2019இல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, பார்க்க வைத்து, கூட நின்று உதவ வைத்து, கடைசியில் தனியே செய்ய வைக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருக்கிறது. நல்ல யோசனை. அதற்குச் சாட்சி லாக் புக், அதாவது மாணவர் செய்தவற்றை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பதிவேடு. அந்த லாக் புக்கில் கையெழுத்து விழுவது எப்போது? போஸ்டிங் முடியும் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணி, வராந்தாவில், நாற்பது பக்கம் ஒரே மூச்சில். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்துகளை வைத்து, இந்தப் பையன் தவிக்கிற நோயாளி ஒருவரை ராத்திரி தனியாகப் பார்க்கலாமா என்று என்னால் சொல்ல முடியாது.

நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஓலே டென் காத்தெ 2005இல் கேள்வியையே மாற்றிப் போட்டார். இவனுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள், இந்த வேலையை இவனிடம் எவ்வளவு தூரம் நம்பி விடலாம் என்று கேளுங்கள் என்றார். கூடவே நின்றா, கூப்பிடு தூரத்தில் இருந்தா, மறுநாள் கேட்டுக்கொண்டால் போதுமா? யூனிட் நடத்துகிற எந்த ஏ.பி.யும் மனதுக்குள் தினமும் போடும் கணக்குதான் இது. அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம். எழுதி, அந்த பி.ஜி.யிடமே காட்டினால் அது மதிப்பீடு. நான் பார்த்தவரை அப்படிக் காட்டும்போது சங்கடப்படுகிறவர் பி.ஜி. இல்லை, ஆசிரியர்தான்.

டூட்டி ரூம் சுவர்

பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் செய்துவிடவில்லை. எங்கள் யூனிட் டூட்டி ரூமில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தலைப்பு: இவற்றுக்கு எந்நேரமும் என்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் கேள்வி கிடையாது, கூப்பிடாவிட்டால்தான் கேள்வி. கீழே ஆறு வரி. நினைவு மாறினால். ஒரு நோயாளியைக் கட்டி வைக்கச் சொல்லும் முன். புதிதாக மூச்சுத் திணறினால். பிரஷர் இறங்கினால். ஐ.சி.யூ.வுக்கு மாற்றும் முன். பெத்திடின், டிரமடால் மாதிரி ஊசி போடும்போது நோயாளி மனநல மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால். கடைசி வரி லிபிக்காக எழுதியது. அதற்கு முந்தின நாலைந்து வரிகளில் 14ஆம் பெட் தாத்தா இருக்கிறார்.

ஒட்டின முதல் மாதம் யாரும் கூப்பிடவில்லை. தாளைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இரண்டாவது மாதம் ஒரு பெண் பி.ஜி. கூப்பிட்டாள்; அநாவசியமான அழைப்பு, போனிலேயே முடிந்திருக்கும். எழுந்து போனேன். காலையில் ரவுண்ட்ஸில், நல்ல வேளை கூப்பிட்டாயம்மா என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கப்புறம் போன் வர ஆரம்பித்தது. வீட்டில்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.

போன மாதம் ஒரு ராத்திரி, இரண்டு ஐம்பது. எடுத்தால் ஒரு ஹவுஸ் சர்ஜன், குரல் நடுங்குகிறது.

“சார், சாரி சார். லிஸ்ட்ல இல்ல சார். பேஷண்ட் வைட்டல்ஸ் எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. ஆனா சிஸ்டர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. அவங்களுக்கு என்னமோ சரியில்லன்னு தோணுதாம்.”

போனேன். காலையில் ஸ்கெட்ச் பேனா எடுத்துத் தாளின் அடியில் ஏழாவது வரியைச் சேர்த்தேன்: சிஸ்டர் இரண்டாவது தடவை கூப்பிட்டால்.